அமெரிக்கா வண்டிக்குக் காற்றுப் பெட்டி பூட்டியபோது

எனக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஆறு பேருக்கும் ஒரே பானைச் சோறுதான், யாருக்கும் ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரை இருந்தேன். பஸ்ஸின் நெற்றியில் பொன்னேரி என்று எழுதியிருந்தால் படித்துவிடுவேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எஞ்சின் சத்தத்தைப் படிப்பேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட ஒன்று இருந்தால் பட்டுக்கொள்வதில் என்ன தப்பு?

என் வீட்டுக்காரர் எஞ்சின் மேஸ்திரி. பதினைந்து வயதிலேயே ராயபுரத்துக்குப் போய், டீசல் படகுகளின் அடிவயிற்றில் படுத்துக்கிடந்து தொழில் கற்றவர். கல்யாணத்துக்குப் பிறகு பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் ஊரான தோணிரேவுக்கே திரும்பி, வீட்டை ஒட்டி ஏரிப் பக்கமாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். படகு எஞ்சின், பொன்னேரிப் பக்கத்து வயல்களின் பம்புசெட்டு, ஐஸ் உடைக்கும் மோட்டார், எது வந்தாலும் அந்தக் கொட்டகைக்குத்தான் வரும். நான் காலையில் வலை பின்னுவேன், பகலில் அவருக்குக் கை உதவி. எஞ்சின் மூட்டுகளில் எண்ணெய் கசியாமல் வைக்கும் பேக்கிங் அட்டையில் துளை வெட்டுவது என் வேலை. கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார், அவ்வளவு நம்பிக்கை.

அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

முழுதாகப் போகவில்லை. தடித்த சத்தம் கேட்கும். படகு எஞ்சின் தடதடப்பது, கதவு அடிப்பது, ஆள் எதிரில் நின்று பேசுவது எல்லாம் கேட்கும். மெல்லிய சத்தம்தான் போய்விட்டது. ஒருநாள் பம்பு ஸ்டவ் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் புகைபோல் பீச்சுகிறது, அவர் பாட்டுக்கு பீடி பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடுகிறார். நான் கொல்லையிலிருந்து ஓடிவந்து ஸ்டவ்வைத் தூக்கி வெளியே போட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ஆனால் அடுத்த நாளிலிருந்து ஒரு வழி ஏற்பட்டுவிட்டது. எஞ்சினைச் சோதிக்க ஓட்டும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம், அவர் கண்ணில் படும்படி போய் நிற்பேன். முந்தானை தோளில் கிடந்தால் சத்தம் சரி. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினால் உள்ளே ஏதோ சரியில்லை, நிறுத்து. இதை இப்படிச் செய்வோம் என்று நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை. தானாக வந்தது. ஊருக்கு வேறு மாதிரி தெரிந்தது. "அரை நாழி புருஷனை வுட்டு இருக்க மாட்டாளே, பாரு, ஆறு புள்ளைங்கள வச்சிக்கினு"ன்னு குழாயடியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். அதனால் அவருக்குத் திமிர் பிடித்தவர் என்று பேர். அந்தப் பேரை நான் தடுக்கவில்லை. திமிர் பிடித்த மேஸ்திரியிடம் எஞ்சின் கொடுப்பார்கள். செவிட்டு மேஸ்திரியிடம் யார் கொடுப்பார்கள்? எஞ்சின் வேலை என்றால் பாதி காதுதானே.

அந்த நேரத்தில்தான் அமெரிக்கா வண்டி வந்தது. எண்பதுகளின் தொடக்கம், என் கடைசிப் பெண் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வாப்பா மெட்ராசில் ஏதோ வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன வண்டியை வாங்கி வைத்திருந்தார். இரண்டே கதவு. நீளம் மட்டும் எங்கள் தோணி அளவு. பானெட்டைத் தூக்கினால் எட்டு சிலிண்டர் இரண்டு வரிசையாகச் சாய்ந்து கிடக்கும், குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பன்றி போல. வாப்பா காலமான பிறகு பாய் அந்த வண்டியைச் சோழவரத்தில், பழைய விமானத் திடலில் நடக்கும் பந்தயத்துக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். ஒருமுறை போயும் வந்தார். கனமான வண்டி, கிளம்புவதற்குள் சின்ன வண்டிகள் எல்லாம் போய்விட்டனவாம்.

"மேஸ்திரி, இதப் பாருங்க"ன்னு ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தை விரித்தார். படத்தில் இதேபோல ஒரு வண்டி. அதன் பானெட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு பெட்டி மேலே நிற்கிறது. "இத எஞ்சின் மேல வச்சா இழுப்பு பாதிக்குப் பாதி கூடுமாம். சூப்பர் சார்ஜருன்னு பேரு. மெட்ராஸ்ல எவனும் கைவெக்க மாட்றான்."

என் வீட்டுக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

"இது காத்துப் பொட்டி பாய். நான் ராயபுரத்துல கழட்டி மாட்டாத பொட்டியா? பழைய அமெரிக்கா டீசல் எஞ்சினுக்கு பக்கத்துல இதே தான் உக்காந்துகினு இருக்கும். எண்ணூரு மணல்ல ஒரு சரக்குப் படகு ஒடஞ்சி கெடக்குது. அதுல ஒண்ணு கீது."

மூன்றாம் நாள் அந்தப் பெட்டி மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. உப்பு பூத்து, வெள்ளையாக, செத்த மீன் மாதிரி இருந்தது. நான்தான் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். உள்ளே இரண்டு உருளைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று இதழ், லேசாக முறுக்கி விட்டாற்போல. ஒன்றின் இதழ் மற்றதின் பள்ளத்தில் புகுந்து புகுந்து சுற்றும். மேலேயிருந்து காற்றை வாரிக் கீழே தள்ளும்.

"எஞ்சின் தானா மூச்சு வுடும்போது அதுக்கு முடிஞ்ச காத்தத்தான் இழுக்கும்"னு விளக்கினார். "இது தொண்டையப் புடிச்சி காத்தத் திணிக்கும். காத்து ஜாஸ்தியாப் போச்சின்னா அதுக்கு ஏத்த பெட்ரோலும் ஜாஸ்தியாப் போவும். அவ்ளோதான். ஆனா இந்த ரெண்டு உருளையும் ஒண்ணு மேல ஒண்ணு படவே கூடாது. ஒரே வூட்ல இருக்கற மாமியா மருமவ மாதிரி. பக்கத்துலயே சுத்தணும், தொடக் கூடாது. தொட்டா ரெண்டும் போச்சி."

"உங்கம்மா என்னாண்ட அப்டி தொடாமத்தான் இருந்தாங்களா?" என்றேன்.

"அதான் சொல்றனே, ரெண்டும் போச்சின்னு" என்றார்.

இடைவெளி பார்க்கும் வேலை என்னுடையது. அதற்குச் சின்னச் சின்னத் தகடுகள் உண்டு, சீட்டுக்கட்டு போலச் சேர்த்திருப்பார்கள், ஒன்றைவிட ஒன்று மெல்லிசு. இத்தனையாவது தகடு வழவழப்பாகப் போக வேண்டும், அதற்கு அடுத்தது போகக் கூடாது என்று சொல்வார். அவர் விரல்கள் தடித்துக் காய்ச்சுப் போனவை. நான் வலை பின்னுகிறவள், நூலின் பருமன் விரலுக்குத் தெரியும். உருளையைக் கால் சுற்று திருப்பித் திருப்பி ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். ஒரு இடத்தில் தகடு பிடித்தது. கழற்றி, பல்சக்கரத்தை ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மாட்டினார். மறுபடி பார்த்தேன். இப்படியே நான்கு நாள்.

மற்ற வேலைகளையும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வேலைகளைச் செய்த ஆள் இப்போது இல்லை, வேறு யாரும் சொல்லப்போவதும் இல்லை. பெட்டியை எஞ்சின் முதுகில் உட்காரவைக்க இரும்புத் தகட்டில் ஒரு பீடம் செய்யவேண்டியிருந்தது. அட்டையில் நான் அச்சு வெட்டிக் கொடுத்தேன், பொன்னேரி லேத்துப் பட்டறையில் அதைப் பார்த்து அறுத்து வெல்டு வைத்தார்கள். எஞ்சின் ஓட்டத்திலேயே பெட்டியும் சுற்ற, மூன்று வரிப் பள்ளம் போட்ட புல்லி இரண்டு கடைந்தார்கள். பெல்ட்டு எங்கும் கிடைக்கவில்லை, கடைசியில் ரைஸ் மில் பெல்ட்டு மூன்று சரியாக இருந்தது. காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் கொஞ்சம் இடம் தாராளமாக இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து பிஸ்டனை உடைக்குமாம். அதனால் எஞ்சின் தலைக்கு அடியில் செம்புத் தகடு ஒன்று கூடுதலாக வைத்தார். பெட்டிக்கு மேலே, வானத்தைப் பார்த்த வாயோடு, காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்ப்பரேட்டர். பானெட்டில் ஓட்டை வெட்டும்போது மட்டும் பாய் வெளியே போய் நின்றுகொண்டார். வாப்பா கையால் துடைத்த பானெட்டு அல்லவா.

அந்த மேல்வாயை நான் பொத்திப் பொத்திப் பாதுகாத்தேன். ஏரிக்கரை மணல், காக்காய், தவழும் குழந்தை. பழைய வேட்டித் துணியைத் துவைத்துக் காயவைத்து, நான்கு மடிப்பு மடித்து, வாயில் மூடிக் கட்டுவேன். "ஒரு தூசி போனாக்கூட உருளை கீறிடும்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் விரட்டினேன். இதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவள் நான்தான்.

வேலை முடியும் நேரத்தில் படகுக்கார மாமா வந்தார். எங்களுக்கு உறவில்லை, ஊரில் பெரியவர், எல்லாருக்கும் மாமா. காசிமேட்டிலிருந்து இரண்டு டீசல் படகு புதிதாகக் கொண்டுவந்திருந்தார். அவற்றின் எஞ்சினை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் நின்று, குனிந்திருந்த என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்து "மேஸ்திரி"ன்னு கூப்பிட்டார். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். நான் ஓடிப்போய் அவர் தோளில் கை வைத்தேன்.

"இன்னா பொண்ணு, உம் புருஷன் ராஜாவா? கூப்ட்டா திரும்ப மாட்றான்?"

"வேலையில மூழ்கிட்டா அப்டித்தான் மாமா. எனக்கே பதில் வராது."

"திமிரு இருந்துட்டுப் போவட்டும். கை எப்டின்னு பாக்கறேன். எப்ப இந்த பூதத்த கெளப்பறீங்களோ அன்னிக்கு நானு வரேன். ஒழுங்கா ஓடிச்சின்னா எம் படகு ரெண்டும் இவங்கிட்ட. இல்லன்னா நான் காசிமேட்டு ஆளையே இட்டுக்கினு வந்துக்கறேன்."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ எதிர்ல நின்னுக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு படகு வந்தால் ஆறு பேருக்கும் சோற்றுக் கவலை இல்லை. அது வராமல், "அந்த மேஸ்திரிக்குக் காது கேக்காது"ன்னு மாமா வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால், இருக்கிற பம்புசெட்டும் வராது.

அந்த நாள் காலை. வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஏரியில் சின்ன அலை. கொட்டகைக்கு முன்னால் முப்பது நாற்பது பேர். மாமா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். புதுப் படகு தண்ணீரில் இறங்கினாலும் சரி, புது எஞ்சின் முதல்முறை கிளம்பினாலும் சரி, அந்த வேலை நடந்த வீட்டுப் பெண் மஞ்சள் அரிசி தூவ வேண்டும். படகுக்கு முகப்பில் தூவுவோம். எஞ்சினுக்கு அதன் வாயில். எத்தனையோ டீசல் எஞ்சினுக்கு நான் தூவியிருக்கிறேன், அவற்றின் வாயெல்லாம் பக்கவாட்டில், வலைத் தகடு போட்டு மூடியிருக்கும். அரிசி பட்டுத் தெறித்துக் கீழே விழும். கோழி பொறுக்கும்.

"பாய், தூவலாமா? வண்டி உங்களுது" என்று கேட்டேன்.

"உங்க வழக்கம் எதுவோ அதச் செய்யுங்க அக்கா. நான் பிஸ்மி சொல்லிக்கறேன். ரெண்டு பக்கமும் தொணை இருக்கட்டுமே."

என் வீட்டுக்காரர் மறுபக்கம் குனிந்து, தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். துணியை நான்தான் அவிழ்த்தேன். அப்போது அந்த வாய்க்கு மூடி எதுவும் கிடையாது, பெட்ரோல் எப்படி இறங்குகிறது என்று பார்க்கவேண்டுமென்று திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் தூசியை விரட்டிய நான், அந்தத் திறந்த வாய்க்கு நேர் மேலே, பக்தியாக, ஒரு பிடி மஞ்சள் அரிசி தூவினேன்.

பாய் சாவியைத் திருப்பினார். ஒரு தடவை முனகியது. இரண்டாவதில் பிடித்தது. அடேயப்பா. தரை அதிர்ந்தது. கூரையிலிருந்து ஓலைத் தூசி கொட்டியது. குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. மாமா ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டார். நான் எதிர்ப்பக்கம் போய் நின்றேன், முந்தானை தோளில். சத்தம் சுத்தம். எட்டும் சீராக அடித்தன. அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் போல இருந்தது.

"கொஞ்சம் குடு பாய்" என்று கை காட்டினார். பாய் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

அப்போதுதான் கேட்டது. டிக். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில், வளையல் கல்லில் பட்டாற்போல. பிறகு இல்லை. பாய் இன்னும் மிதித்தார். டிக், டிக். இழுத்து முந்தானையைச் செருகினேன்.

அவர் பார்க்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நான்கைந்து பேர் அவருக்கும் எனக்கும் நடுவே வந்து எஞ்சினை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, பாய்க்கு "இன்னும், இன்னும்" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம். நான் கத்தினேன். "நிறுத்துய்யா!" மாமா திரும்பினார், கூட்டம் திரும்பியது. அவர் மட்டும் திரும்பவில்லை.

"பாய், நிறுத்துங்க, உள்ள தட்டுது!"

பாய்க்குக் கேட்டது. ஆனால் அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மேஸ்திரி குடுக்கச் சொல்றாரே அக்கா!" என்று கத்தினார். சரிதானே, மேஸ்திரி சொல்வதையா கேட்பார், மேஸ்திரி பெண்டாட்டி சொல்வதையா?

டீசல் படகில் எஞ்சின் கட்டுக்கு அடங்காமல் ஓடினால் ஒரு வைத்தியம் உண்டு. அதன் காற்று வாயை மூடிவிட வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் எந்த எஞ்சினும் நிற்கும். நான் உட்கார்ந்து வலை பின்னும் மணைப்பலகை சுவரில் சாய்த்திருந்தது. அதை எடுத்தேன். ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய், பானெட்டு ஓட்டைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அந்த வாயில் பலகையை வைத்து அழுத்தினேன். பலகையை அது உள்ளே இழுத்துப் பிடித்தது. இரண்டு தும்மல், கரும்புகை. நின்றுவிட்டது.

அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு அந்த அமைதி. அலை கரையில் தட்டுவது கேட்டது.

"இன்னாம்மே பண்ற நீ?" என்றார் என் வீட்டுக்காரர். கோபம் வந்தால் அவர் முகம் கறுத்துப்போகும்.

"உள்ள ஏதோ தட்டுது."

"எனக்குக் கேக்கலியே" என்றார் மாமா. "இன்னா பாய், உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லியே. நல்லாத்தான இருந்துச்சு."

நான் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அவர், "பொம்பளைக்கு இன்னா தெரியும், போ அந்தாண்ட" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் சிரித்திருக்கும், மாமா நம்பியிருப்பார், மறுபடி சாவி திருப்பியிருப்பார்கள். அவர் ஸ்பேனரை எடுத்தார்.

கார்ப்பரேட்டரைக் கழற்றித் தூக்கினார். அதன் தொண்டையில், மூடித் திறக்கும் தகட்டின் மேல், இரண்டு மஞ்சள் அரிசி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாக ஓடும்போது அந்தத் தகடு மூடியே இருக்கும். மிதித்தால்தான் திறக்கும். மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியிருக்கின்றன. பெட்டிக்குள் விரலை விட்டுத் துடைத்து எடுத்தார். விரல் நுனியில் மஞ்சள் மாவு. ஒரு உருளையின் இதழில், ஊசியால் கிழித்தாற்போல, பளபளவென்று ஒரு கீறல்.

மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா பொண்ணு, எஞ்சினுக்குள்ள பொங்கல் வெக்கப் பாத்தியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நான் தான் போட்டேன்" என்றேன். "என் தப்பு."

பாய் கீழே இறங்கி வந்தார், வெள்ளைச் சட்டையெல்லாம் புகைக் கறுப்பு. "இன்னும் ஒரு மிதி மிதிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும் மேஸ்திரி?"

"உருளை ரெண்டும் கடிச்சிக்கினு, பொட்டி ரெண்டாப் பொளந்திருக்கும். பெல்ட்டு அறுந்து அங்க நின்னவன் மூஞ்சில அடிச்சிருக்கும்." எட்டிப்பார்த்த ஆட்கள் நின்ற இடத்தைக் காட்டினார். அவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. மாமா ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தார். அவர் முட்டாள் இல்லை. எனக்குத் தெரியும், இப்போது கேட்பார் என்று.

"மேஸ்திரி. இவ பத்தடி தள்ளி நின்னா. இவளுக்குக் கேட்டுது. நீ அதும் மேலயே குனிஞ்சிகினு இருந்த. உனக்கு ஏன் கேக்கல?"

நான் வாயைத் திறந்தேன். பெட்ரோல் வாடையில் தலை சுற்றியது, சளி பிடித்திருக்கிறது, எதையாவது சொல்லலாம் என்று. அவர் என்னைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார், சும்மா இரு என்று. துணியில் விரலைத் துடைத்துக்கொண்டார். மாமாவுக்கு நேராக நின்றார்.

"அந்த மாதிரி சன்ன சத்தம் எனக்குக் கேக்காது மாமா. ரெண்டு வருஷம் ஆவுது. கை என்னுது. காது அவளுது. இங்க வந்துட்டுப் போன எல்லா எஞ்சினையும் அவ கேட்டுத்தான் அனுப்பிச்சேன்."

தலை குனியாமல் சொன்னார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது.

பாய் மட்டும் போகவில்லை. "எத்தனை நாள் ஆகும் மேஸ்திரி?" என்று கேட்டார். வண்டியை வேறு எங்கும் எடுத்துப்போகிறேன் என்று அவர் சொல்லாதது எனக்குப் பெரிய விஷயம். இரண்டு நாள் ஆனது. கீறலை எண்ணெய்க் கல்லால் தேய்த்து மழுக்கினோம், மறுபடி கழுவினோம், மறுபடி தகடு வைத்துப் பார்த்தேன். இந்த முறை வாய்க்கு வலைத் தகடு போட்டு மூடித்தான் கிளப்பினோம். அரிசியும் இல்லை, கூட்டமும் இல்லை.

அது ஓடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், வாயைத் திறந்து, பாய்க்கு எதிரிலேயே: "எப்டிம்மே கீது சத்தம்?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அப்படிக் கேட்டார். நான் முந்தானையைத் தொடவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். கீழே எட்டும் முழங்குது, அது உனக்கே கேட்கும். மேலே பெட்டி வேறு மாதிரி பாடுது, காலிப் பானை வாயில் காற்று ஊதுகிற மாதிரி, மிதிக்க மிதிக்க மேலே மேலே ஏறுது. சத்தம் எங்கேயும் அறுந்துபோகல. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், நான் சொன்னதை.

பாய் சோழவரத்துக்குப் போனார். ஜெயிக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போனதாம், பாதித் திடல் வரை முன்னால் ஓடியதாம், அப்புறம் ரைஸ் மில் பெல்ட்டு அறுந்து நார் நாராகப் பறந்ததாம். அறுந்த பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். "பாதி வரைக்கும் நான் தான் மேஸ்திரி!" என்று கத்தினார், ஜெயித்தவர் மாதிரி.

எங்களுக்குத்தான் பாதி வரைக்கும்கூட இல்லை. பதினொரு நாள் ஒரு எஞ்சினும் கொட்டகைக்கு வரவில்லை. வருவதாகச் சொன்ன பம்புசெட்டுக்காரர் அனுப்பம்பட்டில் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். ஒருத்தி மட்டும் கேட்டாள், "காது கேக்காதவனாண்ட எப்டிடி சண்டை போடுவ?" என்று. "கிட்ட போய்ப் போடுவேன்" என்றேன்.

அவர் பாட்டுக்கு ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று நான் ஒருநாள் கேட்டேன். "நீ பலகைய வச்சப்பவே சொல்லியாச்சி" என்றார். அதில் என் மேல் குறை இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் காலை மாமா ஆளனுப்பினார். போனோம். ரேவுத் துறையில் அவருடைய படகு ஒன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காசிமேட்டு ஆள் இரண்டு தடவை பார்த்தும் சூடு ஏறுவது நிற்கவில்லையாம்.

"மேஸ்திரி, ஏறு" என்றார் மாமா. அப்புறம் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பெண்பிள்ளை தொழில் படகில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அவர் அதை மீற மாட்டார். காது இல்லாமல் மேஸ்திரியை மட்டும் ஏற்றி என்ன பிரயோஜனம்?

"இன்னா பண்றது பொண்ணு? பொம்பள கால் வெக்கக் கூடாதே."

"நான் எதுக்கு கால் வெக்கணும் மாமா? காதுதான வெக்கணும்" என்றேன்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. எஞ்சினுக்கு நேராக, வெளியிலிருந்து, படகின் பலகையில் காதை வைத்தேன். தார் வாசனை. பலகை வழியாக எல்லாமே வந்தது, கொட்டகையில் கேட்டதைவிடத் தெளிவாக. நடுவில் ஒரு கரகரப்பு, தண்ணீர் பம்பின் பக்கம். கையைத் தூக்கி அந்த இடத்தைத் தட்டிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "பம்பா?" என்றார். "பம்புதான், பேரிங் போயிடுச்சி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

மாமா கரையில் நின்று பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து ஒரு மேஸ்திரி. ரெண்டு படகையும் பாத்துக்கங்க" என்றார்.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அப்படித்தான் ஓடியது. அவர் மேலே, நான் தண்ணீரில். பனிக்காலத்தில் கால் மரத்துப்போகும். ஏரியைச் சுற்றி இருந்த படகு எல்லாவற்றுக்கும் நான் காது வைத்திருக்கிறேன், ஒன்றிலும் ஏறியதில்லை.

சொல்லி முடித்தேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதினாள், புத்தகத்தில் எழுதுகிற மாதிரி ஒழுங்குபடுத்திக்கொண்டு. கண்ணு, மொதல்லருந்து படிக்க வேணாம். மாமா கேட்டாரே, உனக்கு ஏன் கேக்கலன்னு, அந்த இடத்த மட்டும் ஒருவாட்டி படி. உங்க தாத்தா தானாத்தான் சொன்னாரு, நான் சொல்ல வெக்கல. அது சரியா வந்துகீதான்னு கேக்கணும். சத்தமாப் படி.